உங்கள் ஆதார் என் கம்ப்யூட்டரில் கிடக்கிறது

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ், பிரவுசிங் கடை வைத்திருக்கிறேன். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்தது. அடுத்த சில வாரங்களில் கடையைத் திறந்தேன். நிவாரண மனுவோடு இணைக்க ரேஷன் கார்டை நகலெடுக்க வந்து நின்ற கூட்டம்தான் என் முதல் வியாபாரம். அப்போது நகல் என்றால் காகிதம். வந்தவர் கையோடு எடுத்துப் போய்விடுவார். இப்போது, "அக்கா, நம்பர் சொல்லுங்க, வாட்ஸ்அப்ல அனுப்பறேன்" என்கிறார்கள். பிரிண்ட் எடுத்துக்கொண்டு, காசு கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஃபைல் மட்டும் என்னிடமே தங்கிவிடுகிறது.

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தேன். அந்த ஒரு நாளில் சேர்ந்தவை: ஆதார் முன்பக்கம், பின்பக்கம், பான் கார்டு, பாஸ்புக்கின் முதல் பக்கம், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், கர்ப்பிணிப் பெண் ஒருத்தியின் ஸ்கேன் ரிப்போர்ட், ஒரு வீட்டுப் பத்திரம் முழுசாக. முகம், கையெழுத்து, அப்பா பெயர், தெரு, கணக்கு எண் எல்லாம் வரிசையாக இருந்தன. தினமும் ராத்திரி அவற்றை ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு டெலீட் செய்கிறேன். வெறும் டெலீட் என்றால் ரீசைக்கிள் பின்னில் போய் உட்கார்ந்துகொள்ளும். எல்லாக் கடையிலும் இப்படிச் செய்வார்கள் என்று என்னால் சொல்ல முடியாது.

அதனால் கடையிலிருந்தே தொடங்குகிறேன். முடிந்தால் பென் டிரைவில் கொண்டுவாருங்கள். அதிலிருந்தே நேராகப் பிரிண்ட் கொடுக்கச் சொல்லுங்கள், கம்ப்யூட்டருக்கு நகல் எடுக்க வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில்தான் அனுப்ப வேண்டும் என்றால், பிரிண்ட் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று "அனைவருக்கும் நீக்கு" என்பதை அழுத்துங்கள். வீட்டுக்குப் போய்ச் செய்யலாம் என்று விட்டால் மறந்துவிடும். இரண்டு நாளுக்கு மேல் போனால் அந்த வசதியும் இருக்காது. ஆனால் கடைக்காரர் டவுன்லோட் செய்த ஃபைலை அது தொடாது. ஆகவே வாய் திறந்து கேளுங்கள்: "அண்ணா, டவுன்லோட்ஸ்லயும் அழிச்சிடுங்க." கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். என்னிடம் அப்படிக் கேட்கிறவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும்.

கடைக் கம்ப்யூட்டரில் நீங்களே மெயில் திறப்பதாக இருந்தால், மூடியதும் உங்கள் தடயத்தை பிரவுசரில் வைத்துக்கொள்ளாத இன்காக்னிட்டோ ஜன்னலில் திறங்கள். பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று குரோம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வாட்ஸ்அப் வெப்பைத் திறந்து வைத்துவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு. குடும்பத்துப் பேச்சு முழுவதும் திரையில் நிற்கும். நான் லாக்அவுட் செய்துவிடுவேன். உங்கள் போனில் வாட்ஸ்அப் செட்டிங்ஸுக்குப் போய் "லிங்க்டு டிவைசஸ்" என்பதை இப்போதே ஒருமுறை பாருங்கள். தெரியாத கம்ப்யூட்டர் ஏதாவது இருந்தால் அங்கிருந்தே வெளியேற்றலாம். கூகுள் கணக்கிலும் செக்யூரிட்டி பகுதியில் "யுவர் டிவைசஸ்" என்று இதே மாதிரி ஒரு பட்டியல் இருக்கிறது.

அடுத்தது ஆதார். முழு எண்ணும் தெரியும் நகலை எல்லோருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. அரசின் மைஆதார் தளத்தில் இ-ஆதாரை, அதாவது ஆதாரின் பிடிஎஃப் வடிவத்தை, டவுன்லோட் செய்யும்போது "மாஸ்க்டு ஆதார்" என்ற பெட்டியில் டிக் போட்டால், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும்படி வரும். லாட்ஜில் அறை எடுக்க, வாடகை ஒப்பந்தம் போட அதுவே போதும். முழு நகல்தான் வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்கும் இடங்களில், நகலின் குறுக்கே பேனாவால் "இன்ன வேலைக்கு மட்டும்" என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். கூகுளில் தேடித் தளத்துக்குப் போகிறவர்கள் முகவரி "ஜிஓவி.இன்" என்று முடிகிறதா எனப் பாருங்கள். மேலே விளம்பரமாக வரும் முதல் லிங்க்கைத் தொடவே தொடாதீர்கள்.

இ-ஆதார் பிடிஎஃப்புக்கு ஒரு பாஸ்வேர்டு உண்டு. ஆங்கிலத்தில் உங்கள் பெயரின் முதல் நான்கு எழுத்துகள், கூடவே பிறந்த வருடம், அவ்வளவுதான். கவிதா 1988-இல் பிறந்திருந்தால் கே, ஏ, வி, ஐ, அப்புறம் 1988. பூட்டு இருக்கிறதே என்று நம்பி அந்த ஃபைலை நான்கு குரூப்பில் போட்டு வைக்கிறோம். இன்னொரு பக்கம், பிறந்த நாள் கேக் படத்தை வருடத்தோடு ஃபேஸ்புக்கில் போட்டு, "முப்பத்தைந்து ஆயிடுச்சு" என்றும் எழுதுகிறோம். இரண்டையும் பார்க்கிற யாருக்கும் சாவி கிடைத்துவிடுகிறது. இதை நான் சொன்னதும் கல்லூரிப் பெண் ஒருத்தி கவுன்டரில் நின்றபடியே ஃபேஸ்புக்கைத் திறந்து பிறந்த வருடத்தை மறைத்துவிட்டுத்தான் போனாள். நீங்களும் செய்துவிடுங்கள், ஒரு நிமிஷ வேலை. பழைய பதிவுகள் நிறைய இருந்தால் ஒவ்வொன்றாகத் தேட வேண்டாம். ஃபேஸ்புக் செட்டிங்ஸில் "லிமிட் பாஸ்ட் போஸ்ட்ஸ்" என்று ஒன்று இருக்கிறது. அதை அழுத்தினால், ஊருக்கே தெரியும்படி நீங்கள் போட்டவையெல்லாம் நண்பர்களுக்கு மட்டும் என்று மாறிவிடும்.

ஆதாரில் கைரேகையைப் பூட்டும் வசதியும் அதே தளத்தில் இருக்கிறது. கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் மோசடிக்கு அது நல்ல தடுப்பு. ஆனால் பெரியவர்களுக்குப் பூட்டிக் கொடுக்கும் பிள்ளைகள் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்: பூட்டியிருந்தால் ரேஷன் கடையில் விரல் வைத்தாலும் ஏற்காது. ஒரு பாட்டி வெயிலில் இரண்டு முறை ரேஷன் கடைக்கு நடந்துவிட்டு, மூன்றாம் நாள் என்னிடம் வந்து கண் கலங்கினார். அவருடைய பேரனுக்குப் போன் போட்டோம். அவர் பெங்களூரிலிருந்தே கொஞ்ச நேரத்துக்குத் திறந்துவிட்டார். பூட்டிக் கொடுத்தால், திறப்பது எப்படி என்று தாளில் எழுதி அரிசி டப்பா பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

சிம் கார்டு பற்றிச் சொல்ல வேண்டியது என் சொந்தக் கதை. மத்திய தொலைத்தொடர்புத் துறை 2023-இல் சஞ்சார் சாத்தி என்ற தளத்தைக் கொண்டுவந்தது. நம் பெயரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்று அதில் ஓடிபி போட்டுப் பார்க்கலாம். பார்த்தேன். நான்கு எண்கள் இருந்தன. இரண்டு என்னுடையவை, ஒன்று அம்மாவுக்கு நான் வாங்கிக் கொடுத்தது. நான்காவது எண்ணை நான் வாழ்க்கையில் பார்த்ததே இல்லை. அன்று ராத்திரி தூங்கவே முடியவில்லை. என் பெயரில் யாரோ யாரையோ கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், ஏதாவது நடந்தால் போலீஸ் என் வீட்டுக் கதவைத்தான் தட்டும். அந்த எண்ணுக்கு நேராக "என் எண் அல்ல" என்று தேர்ந்தெடுத்துப் புகார் பதிவு செய்தேன். பிறகு பார்த்தபோது அது பட்டியலில் இல்லை. ஒருவர் பெயரில் நம் ஊரில் ஒன்பது இணைப்புகள் வரை அனுமதி உண்டு, அதனால் ஒன்று கூடுதலாக இருந்தால் யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் எண்ணையும் போட்டுப் பாருங்கள். வயதானவர்கள் பெயரில் முதலில் பாருங்கள்.

சிப்காட் கம்பெனிகளுக்கும் பாண்டிச்சேரிக்கும் வேலை தேடுகிற பிள்ளைகள் பயோடேட்டா டைப் செய்ய வருகிறார்கள். அப்பா பெயர், கதவு எண், மதம், சாதி, சிலர் ஆதார் எண் வரை எழுதி வருவார்கள். பெயர், படிப்பு, அனுபவம், மெயில், ஒரு போன் எண், ஊர் பெயர் போதும் தம்பி என்பேன். மற்றதை வேலை உறுதியான பிறகு அலுவலகத்தில் கொடுத்தால் போதும். வேலைவாய்ப்புத் தளங்களுக்கு என்று தனியாக ஒரு மெயில் முகவரி வைத்துக்கொள்ளுங்கள். வேலை கிடைத்ததும் அந்தத் தளங்களில் உள்ள கணக்கை அழித்துவிடுங்கள். கல்யாணம் முடிந்து குழந்தை பிறந்த பிறகும் மேட்ரிமோனி தளத்தில் ஜாதகத்தோடு நிற்கும் படங்களை நானே பார்த்திருக்கிறேன்.

உங்கள் போன் எண்ணை இரட்டை மேற்கோளுக்குள் போட்டுக் கூகுளில் தேடிப் பாருங்கள். பழைய பைக் விற்கப் போட்ட விளம்பரம், ஏதோ சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் என்று எதாவது வரலாம். அந்தத் தளத்துக்கே எழுதி எடுக்கச் சொல்வதுதான் முதல் வழி. அவர்கள் அசையாவிட்டால், போன் எண்ணும் முகவரியும் வரும் முடிவுகளை நீக்கக் கூகுளிடம் படிவம் இருக்கிறது. அது தேடலிலிருந்து மட்டும்தான் எடுக்கும், தளத்தில் அப்படியே இருக்கும். கேட்கத் தயங்க வேண்டாம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகச் சொல்லியிருக்கிறார்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

கூகுள் கணக்கில் "வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி" என்று நீங்கள் தேடியதன், பார்த்ததன் பதிவு இருக்கும்; அதில் மூன்று மாதத்துக்கு மேல் பழையது தானாக அழியும்படி வையுங்கள். வாட்ஸ்அப்பில் ஆறு இலக்க டூ ஸ்டெப் பின் போடுங்கள், அதற்குப் பிறந்த தேதியை வைக்காதீர்கள். யார் வேண்டுமானாலும் குரூப்பில் சேர்க்கலாம் என்றிருப்பதை "என் கான்டாக்ட்ஸ்" என்று மாற்றுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்காராமல் உடனே 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அந்த முதல் ஒரு மணி நேரத்தில் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு அதிகம்.

என் கடையில் பிரிண்டர் பக்கத்தில் இப்போது ஒரு அட்டை மாட்டியிருக்கிறேன்: "உங்கள் ஃபைலை உங்கள் கண் முன்னால் அழிக்கச் சொல்லுங்கள்." நேற்று ஒரு மீனவர் அதைப் படித்துவிட்டு, பிரிண்ட்டை வாங்கி மடித்து பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, "அழிம்மா, பாத்துட்டுப் போறேன்" என்று நின்றார். திரையை அவர் பக்கம் திருப்பி அழித்துக் காட்டினேன்.