பிளட் பவுல்: அணி சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளட் பவுல் 1986-ல் இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் வெளியிட்ட மினியேச்சர் விளையாட்டு, அதாவது சின்னப் பொம்மைகளை நகர்த்தியும் பகடை உருட்டியும் ஆடுவது. மனிதர்கள், ஓர்க்குகள், எல்ஃப்கள், குள்ளர்கள் என்று ஆளுக்கொரு அணி. அமெரிக்கக் கால்பந்து மாதிரி பந்தை எடுத்துக்கொண்டு எல்லைக்கோட்டைத் தாண்ட வேண்டும், வழியில் அடிதடியும் உண்டு. அணி சேர்க்க 10 லட்சம் பொற்காசு கையில் இருக்கும். அதில் குறைந்தது 11 பேர், அதிகபட்சம் 16 பேர் எடுக்கலாம். இந்த முதல் கணக்கிலேயே நிறையப் பேர் சறுக்குகிறார்கள். (இங்கே சொல்லும் விலைகளும் எண்களும் 2020 பதிப்பின்படி.)

பெரிய தவறு, ஆட்டக்காரரின் பலத்தையும் வேகத்தையும் மட்டும் பார்த்து எடுப்பது. இந்த ஆட்டத்தில் ஒரு பாதிக்கு உங்களுக்கு 8 டர்ன்தான். உங்கள் டர்னில் உங்கள் ஆள் ஒருவர் விழுந்துவிட்டால் போதும், அந்த டர்ன் அங்கேயே முடிந்துவிடும். மீதிப் பத்துப் பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதனால் ஓர் ஆட்டக்காரரை மதிப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: இவரால் என் டர்ன் எத்தனை முறை பாதியில் நிற்கும்?

பிளாக் என்ற திறனின் மதிப்பு இங்கேதான் தெரியும். மோதலுக்கு உருட்டும் பகடையின் 6 முகங்களில், அடிப்பவரே விழும் முகம் ஒன்று, இருவரும் விழும் முகம் ஒன்று. பிளாக் இருந்தால் அந்த இரண்டாவது முகம் உங்கள் ஆளை வீழ்த்தாது. இரண்டு பகடை உருட்டி நல்லதை எடுத்துக்கொள்ளும் மோதலில், பிளாக் இல்லாதவர் விழும் வாய்ப்பு 9-ல் 1; பிளாக் இருப்பவருக்கு 36-ல் 1. பார்வைக்குச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் ஒரு டர்னில் நான்கு முறை மோதினால், எங்கேயாவது ஒன்றில் விழும் வாய்ப்பு பிளாக் இல்லாமல் சுமார் 38 சதவீதம், இருந்தால் சுமார் 11 சதவீதம். மனிதர் அணியில் லைன்மேன் என்ற சாதாரண ஆட்டக்காரர் 50,000 பொற்காசு, பிளாக்கோடு வரும் பிளிட்சர் 85,000. நான்கு பிளிட்சரையும் முதலிலேயே எடுத்துவிடச் சொல்வது இதனால்தான்.

அடுத்தது ராட்சதர்கள் மீதான மோகம். பெட்டியைத் திறந்ததும் கண்ணில் படுவது ஓகர் பொம்மைதான், ஆசை வருவது இயல்பு. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஓகரின் பலம் 5, சாதாரண ஆளின் பலம் 3. மோதலில் பலம் கூடியவருக்கு இரண்டு பகடை; மூன்று பகடை கிடைக்க எதிராளியின் பலத்தைப்போல இரு மடங்குக்கு மேல் வேண்டும், 5 போதாது. ஆக 1,40,000 கொடுத்து வாங்கிய ஓகர் தனியாக அடித்தால் இரண்டு பகடைதான். பக்கத்தில் ஒரு துணை நின்றால் பலம் ஒன்று கூடி 50,000 லைன்மேனுக்கும் அதே இரண்டு பகடை கிடைக்கிறது. அதோடு ஓகர் ஒவ்வொரு முறை அசையும்போதும் ஒரு பகடை உருட்ட வேண்டும், 1 விழுந்தால் சும்மா நிற்கும். அணியின் ரீ-ரோலை (பகடையை மறுபடி உருட்டும் வாய்ப்பை) அதற்குச் செலவழித்தால், அது பலிப்பதே பாதி வாய்ப்புதான். ட்ரோல் என்ற ராட்சதர் இன்னும் மோசம்: பக்கத்தில் சக ஆட்டக்காரர் இல்லாவிட்டால் 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால்தான் நகரும். ராட்சதரே வேண்டாம் என்று சொல்லவில்லை. எதிரணியின் இரண்டு மூன்று பேரைக் கட்டிப்போட அவரைப்போல ஆள் கிடையாது. ஆனால் அவரை முதல் வேலைக்காரராக நினைத்து வாங்கக் கூடாது.

விலை குறைவு என்று ஏமாறுவதும் உண்டு. மனிதர் அணியில் பந்தைப் பிடிக்கும் கேட்சர் 65,000, வேகம் 8, எதிராளியிடமிருந்து நழுவ உதவும் டாட்ஜ் திறனும் இருக்கிறது. ஆனால் பலம் 2. எதிரணியின் எந்தச் சாதாரண லைன்மேனும் துணையே இல்லாமல் அவர்மீது இரண்டு பகடை உருட்டலாம். இரண்டு கேட்சர் போதும், நான்கு பேரை எடுத்தால் நடுக்களம் காலியாகிவிடும்.

ரீ-ரோலைக் கடைசியில் மிச்சக் காசில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். மனிதர் அணிக்குத் தொடக்கத்தில் ஒரு ரீ-ரோல் 50,000. லீக் (ஒரே அணியை வைத்துப் பல ஆட்டங்கள் ஆடும் தொடர்) தொடங்கிய பிறகு அதுவே 1,00,000. ஆட்டக்காரர்களும் மருத்துவரும் பிறகும் அதே விலைதான். எதையாவது தள்ளிப்போடுவதென்றால் அவற்றைத் தள்ளிப்போடுங்கள். புதிதாக வருபவர்களுக்கு நான் கொடுப்பது இந்த அணி: 4 பிளிட்சர், 1 த்ரோயர், 2 கேட்சர், 5 லைன்மேன், 3 ரீ-ரோல், 1 மருத்துவர். பந்தை எறியும் த்ரோயர் 80,000, மருத்துவர் 50,000. கூட்டிப் பார்த்தால் சரியாக 10 லட்சம். ஒருவர் அடிபட்டு வெளியே போனாலும் களத்தில் 11 பேர் இருப்பார்கள்.

போட்டிகளில் ஜெயித்த அணியை அப்படியே நகலெடுத்து லீக்குக்குக் கொண்டுவருபவர்களையும் பார்க்கிறேன். பெரும்பாலான ஒருநாள், இருநாள் போட்டிகளில் அடிபட்டவர், இறந்தவர் எல்லாரும் அடுத்த ஆட்டத்துக்கு முழுசாகத் திரும்பி வருவார்கள். அங்கே மருத்துவர் இல்லாமல் சமாளிக்கலாம். லீக்கில் இறந்தவர் இறந்தவர்தான். கவசம் 8+ உள்ள (இரண்டு பகடையின் கூட்டல் 8 அல்லது மேல் வந்தால் உடையும்) மர எல்ஃப் கீழே விழும்போது கவசம் உடையும் வாய்ப்பு 36-ல் 15, ஓர்க்குக்கு 36-ல் 6. 1,25,000 கொடுத்த வார்டான்சரை (மர எல்ஃப் அணியின் விலையுயர்ந்த ஆட்டக்காரரை) மூன்றாவது ஆட்டத்தில் புதைக்கும் வலி, அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம் திறன் வளர்ப்பது. ஒரு டச்டவுனுக்கு, அதாவது பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டினால், 3 புள்ளி; 6 புள்ளி சேர்ந்தால் விருப்பமான முதன்மைத் திறன் (அந்த வகை ஆட்டக்காரருக்கு எளிதில் கிடைக்கும் திறன்) ஒன்று. டச்டவுன் போடுவதெல்லாம் ஒரே கேட்சர் என்றால் புள்ளிகளும் அவரிடமே குவியும். அவருடைய கவசமும் 8+ தான், அவர் போனால் அத்தனையும் போச்சு. கடைசி டர்னில், ஆபத்து இல்லாதபோது, பந்தை ஒரு லைன்மேன் கையில் கொடுத்து எல்லைக்கோட்டைத் தாண்டவிடுங்கள். லைன்மேனுக்கு முதல் திறன் பிளாக். பிளிட்சரிடம் அது ஏற்கெனவே இருப்பதால் அவருக்கு கார்ட் கொடுக்கலாம். அந்தத் திறன் இருந்தால், எதிராளிகள் ஒட்டி நின்றாலும் சக ஆட்டக்காரருக்குத் துணை தர முடியும். அழகுக்காகத் திறன் சேர்க்காதீர்கள். தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு முதன்மைத் திறனும் அணி மதிப்பில் 20,000 கூட்டும். மதிப்பு குறைந்த எதிரணிக்கு அந்த வித்தியாசம் காசாகப் போகும், அதைக் கொண்டு அவர்கள் நட்சத்திர ஆட்டக்காரரையே வாடகைக்கு எடுக்க முடியும்.

இரண்டு ஆட்டம் தோற்றதும் அணியையே மாற்றுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முதலில் எந்த அணி என்று பாருங்கள். ஹாஃப்லிங், காப்ளின் அணிகளை 2020 விதிப்புத்தகமே மூன்றாம் அடுக்கில், அதாவது ஜெயிக்கச் சிரமமான அணிகளோடு, வைத்திருந்தது. அவர்களோடு தோற்பதை வைத்து உங்கள் தேர்வை எடைபோட முடியாது. மற்ற அணி என்றால் ஒரு துண்டுத் தாளில், ஒவ்வொரு டர்னும் எதனால் பாதியில் நின்றது என்று எழுதி வையுங்கள். நான்கைந்து ஆட்டத்துக்குப் பிறகு எடுத்துப் படியுங்கள். பிளாக் இல்லாதவர் மோதி விழுந்ததே அதிகம் என்றால் அடுத்த திறன் எது என்று தெரிந்துவிடும். பந்தை எடுக்கும்போது தவறவிட்டதே அதிகம் என்றால், ஷ்யூர் ஹேண்ட்ஸ் (பந்தை எடுக்கத் தவறினால் மறுபடி உருட்டவிடும் திறன்) உள்ள த்ரோயர் பந்துக்கு எவ்வளவு தூரத்தில் நின்றிருந்தார் என்று பாருங்கள். டாட்ஜ் செய்து விழுந்ததே அதிகம் என்றால் ஆளை மாற்ற வேண்டியதில்லை, டர்ன் முடியும்போது அவர்களை எங்கே நிறுத்தினீர்கள் என்பதை மாற்றினால் போதும்.