மட்டக்களப்பிலிருந்து பொத்துவிலுக்கு நிதி திரட்டும் சைக்கிள் பயணம்: முதன்முறை போகிறவர்களுக்கு

நல்ல காரியம் ஒன்றுக்குப் பணம் சேர்க்கச் சைக்கிளில் நெடுந்தூரம் போக நினைக்கும் குழுவுக்கு, மட்டக்களப்பு–பொத்துவில் பாதை முதல் பயணமாக நன்றாகப் பொருந்தும். ஏ4 வீதியால் ஏறத்தாழ 110 கிலோமீற்றர். ஏற்றம் என்று சொல்ல எதுவும் இல்லை. அக்கரைப்பற்று வரை ஊருக்கு ஊர் கடை உண்டு. கியர் இல்லாத சாதாரண லுமாலா சைக்கிளிலும் போய்ச் சேரலாம். ஆனால் இது பந்தயம் இல்லை. குழு முழுவதும் போய்ச் சேரும் என்று நம்பித்தான் சனம் காசு தருகிறது. ஆகவே குழுவில் ஆக மெதுவாக மிதிப்பவரை வைத்தே எல்லாக் கணக்கையும் போடுங்கள்.

நாள் குறித்தல்

நவம்பர் முதல் ஜனவரி வரை மழைக்காலம், வேண்டாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கச்சான் காற்று அடிக்கும். தெற்கே போகும்போது அது வலப்பக்கம் முன்னாலிருந்து அனல்போல் வந்து மோதும், வேகத்தில் கால்வாசியைத் தின்றுவிடும். பெப்ரவரிக் கடைசியும் மார்ச்சும் நல்லவை. ஏப்ரலில் பின்னேர இடிமழையைக் கவனியுங்கள்.

இந்தப் பாதைக்கே உரிய ஒரு விடயம்: காத்தான்குடி, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று வழியில் முஸ்லிம் ஊர்கள் பல. நோன்பு மாதத்தில் பகலில் சாப்பாட்டுக் கடைகள் திறக்காது. 2026, 2027 இரண்டிலும் நோன்பு பெப்ரவரி–மார்ச்சில் வருவதால் கலண்டரைப் பார்த்து நாள் குறியுங்கள். வெள்ளிக்கிழமையையும் தவிருங்கள். ஜும்ஆ நேரத்தில் கடைகள் பூட்டு, வீதியில் நெரிசல்.

காசு விடயம்

பணம் யாருக்கு, எதற்கு என்பதை முதலில் முடிவு செய்து, பெறப்போகும் நிறுவனத்திடம் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். இரண்டு பேர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்கலாம் என்ற கூட்டுக் கணக்கு திறவுங்கள். பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் வரிசை எண் இருக்க வேண்டும். பயணச் செலவை நன்கொடையிலிருந்து எடுக்கவே கூடாது. சாப்பாடு, ரியூப், லொறி எல்லாம் ஓடுபவர்களின் சொந்தக் காசு. இதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் மனக்கசப்பு வரும். வழியிலுள்ள பொலிஸ் நிலையங்களுக்கும் முன்கூட்டியே எழுத்தில் அறிவியுங்கள்.

சைக்கிள்

முதலில் சீற் உயரம். சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி, குதிக்காலைப் பெடலில் வைத்து, பெடலை அடிக்குக் கொண்டுவாருங்கள். முழங்கால் நேராக நிற்க வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது தானாகவே சிறு மடிப்பு வரும். சீற் பதிந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் நோகும், கூடிப்போனால் பின்பக்கம் நோகும். நம்மவர்களில் அநேகர் பதித்தே வைத்து ஓடுகிறார்கள். சந்தைக்குப் போய்வர அது போதும். ஐந்தாறு மணித்தியாலம் மிதிக்கும்போது முழங்கால் விடாது.

செயின் தேய்ந்திருக்கிறதா என்று அடிமட்டத்தால் அளக்கலாம். செயின் கண்ணிகளை இணைக்கும் ஒரு பின்னின் நடுவில் அடிமட்டத்தின் சுழியை வைத்தால், 24 பின்கள் தள்ளி வரும் பின்னின் நடு சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். அதைவிட அங்குலத்தில் 16இல் ஒரு பங்கு நீண்டிருந்தால் செயினை மாற்றுங்கள். 8இல் ஒரு பங்கு என்றால் பின்சக்கரப் பல்லும் போயிருக்கும். கடற்கரைக் காற்றில் உப்பும் மணலும் சேர்வதால் இங்கே செயின் கெதியாகத் தேயும். தேங்காய் எண்ணெய், கிறீஸ் இரண்டும் மணலை இழுத்துப் பிடிக்கும். தையல் மெசின் எண்ணெயை மூட்டுக்கு ஒரு துளி விட்டு, அரை மணி கழித்து வெளிப்பக்கத்தைத் துணியால் நன்றாகத் துடையுங்கள்.

காற்றின் அளவு ரயரின் பக்கத்திலேயே எழுதியிருக்கும். 26 அங்குல மவுண்டன் ரயருக்கு 45–50 பீஎஸ்ஐ இந்த வீதிக்குச் சரி.

ஒட்டுப்போடப் பழகுதல்

குழுவில் குறைந்தது மூன்று பேருக்கு இது கைவர வேண்டும். பொத்துவிலை நெருங்கும்போது சைக்கிள் கடையைத் தேட முடியாது.

ரியூபைக் கழற்றும்போது வால்வு ரயரில் எந்த இடத்தில் இருந்தது என்று சோக்கால் குறியுங்கள். ரியூபில் ஓட்டை தெரிந்ததும் ரயரில் அதே இடத்தைப் பார்த்தால் முள் அங்கேயே குத்தி நிற்கும். விரலை மெல்ல உள்ளே ஓட்டிப் பாருங்கள். நெருஞ்சியோ உடைமுள்ளோ உள்ளே இருக்க ஒட்டினால் அடுத்த கிலோமீற்றரிலேயே திரும்பவும் காற்றுப் போகும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வெட்டு இருந்தால் அது முள் இல்லை. காற்றுக் குறைந்த ரயர் பள்ளத்தில் விழுந்து, ரிம் ரியூபைக் கடித்திருக்கிறது.

அரத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்து, சொலூசனை (ஒட்டும் பசையை) ஒட்டின் அளவைவிடக் கொஞ்சம் அகலமாக மெல்லிசாகப் பூசுங்கள். பளபளப்புப் போய் மங்கும்வரை நான்கைந்து நிமிடம் பொறுக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டுவதால்தான் பாதி ஒட்டு கழருகிறது. பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள்.

ஆளுக்கு இரண்டு ரியூப் கொண்டுபோனால் வழியில் ரியூபை மாற்றிவிட்டு, ஒட்டை ஓய்வு நேரத்தில் போடலாம். ஐந்து பேருக்கு ஒரு பம், இரண்டு ரயர் லீவர், நட்டுகளுக்கு அளவான ஸ்பனர்கள், ஒரு பிரேக் கம்பி போதும். பொருட்களை முதுகில் சுமக்காமல் கரியரில் வைத்துப் பழைய ரியூப் பட்டியால் கட்டுங்கள்.

உடம்பு

எட்டு வாரம் எடுங்கள். முதல் வாரம் 15 கிலோமீற்றர் வீதம் மூன்று நாள். பிறகு வார நடுவில் இரண்டு சிறிய ஓட்டம், ஞாயிறு ஒரு நீண்ட ஓட்டம்: 25, 35, 45, 55, 65 என்று கூட்டி, ஏழாம் வாரம் கல்முனைக்குப் போய்த் திரும்புங்கள். அது 80 கிலோமீற்றர் அளவில் வரும். கடைசி வாரம் ஓய்வு, 15 கிலோமீற்றருக்கு மேல் வேண்டாம். பயணத்தில் போடப்போகும் உடுப்பையே அந்தக் கல்முனை ஓட்டத்திலும் போடுங்கள். ஜீன்ஸின் தையல் தொடையை உரித்துவிடும். உரசும் இடங்களில் வஸ்லின் பூசலாம்.

தண்ணீர்

மணிக்கு அரை முதல் முக்கால் லீற்றர். வியர்வையில் உப்பும் போவதால் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் தலையிடியும் ஓங்காளமும் வரும். ஜீவனி என்ற உப்புச் சீனித் தூளை அதன் பொதியில் உள்ள அளவுப்படி கரையுங்கள். இல்லையென்றால் ஒரு லீற்றர் நீருக்கு ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் போட்டு, தேசிக்காய் பிழியுங்கள். ஒருவர் வியர்ப்பது நின்றாலோ பேச்சுக் குழறினாலோ நிழலில் கிடத்தி உடம்பை நனைத்து 1990 அம்புலன்ஸை அழையுங்கள். பிறகு பார்க்கலாம் என்று விடவேண்டாம்.

அந்த நாள்

காலை 5 மணிக்கு முன்பின் லைற்றுடன் புறப்பட்டு, மணிக்கு 16 கிலோமீற்றர் வேகத்தில் போனால் 7.30 அளவில் கல்முனை. அங்கே இடியப்பமோ பிட்டோ, வயிறு முட்டாமல். பத்தரைக்குள் அக்கரைப்பற்று. வெயில் தணியும்வரை அங்கேயே இருங்கள். இரண்டரைக்குக் கிளம்பினால் மீதி 45 கிலோமீற்றர் இருட்டுக்கு முன் முடியும். திருக்கோவிலைத் தாண்டினால் கடைகள் குறைவு, ஆளுக்கு இரண்டு லீற்றர் நிரப்பிக்கொள்ளுங்கள். பொத்துவில், லகுகலப் பக்கம் யானை நடமாடும் பகுதி. ஆகவே அக்கரைப்பற்றில் மூன்று மணிக்குப் பிறகும் யாராவது தயாரில்லை என்றால் முழுக் குழுவும் அங்கேயே தங்கட்டும், மீதியை விடியற்காலையில் ஓடலாம்.

மெதுவானவர் முன்னால், அனுபவமுள்ளவர் கடைசியில், எல்லோரும் ஒற்றை வரிசையில். பம்மும் ஸ்பனரும் கடைசி ஆளிடம் இருக்க வேண்டும். முன்னால் போனவரிடம் இருந்தால் பின்னால் நிற்பவருக்கு அது உதவாது.

திரும்பி வரச் சின்ன லொறியை முன்பே பேசி வையுங்கள். சைக்கிள்களுக்கு இடையில் சாக்கு விரித்து, கியர் உள்ளவற்றின் கியர்ப் பக்கம் மேலே இருக்கும்படி அடுக்குங்கள். வந்த இரண்டு வாரத்துக்குள் நிறுவனத்துக்குப் பணம் கட்டிய வங்கிச் சீட்டின் பிரதியைப் பணம் தந்த எல்லோருக்கும் அனுப்புங்கள். நூறு ரூபாய் தந்தவருக்கும்தான்.