நுமாசு முறையில் பாரை காயவைத்தல்: முல்லைத்தீவுக் காற்றுக்கு ஏற்றபடி

ஜப்பானில் சுருகா விரிகுடாவை ஒட்டிய நுமாசு, ஹிமோனோ எனும் அரைகுறையாகக் காய்ந்த மீனுக்குப் பேர்போனது. அங்கே அஜி மீன். அதுவும் பாரைக் குடும்பம்தான். முல்லைத்தீவுக் கரைவலையில் வரும் சின்னப் பாரை போதும். வெயிலில் கிடந்த மீன் வேண்டாம். அதில் சேரும் ஹிஸ்டமின் எனும் நச்சு சமைத்தாலும் போகாது.

வயிற்றால் கீறி, முதுகுத்தோல் அறாமல் புத்தகம்போல் விரியுங்கள். செவுள், குடலை எடுத்துவிட்டு, முள்ளந்தண்டோடு ஒட்டிய இரத்தத்தைப் பழைய பல் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். நாற்றம் பெரும்பாலும் அதிலிருந்துதான்.

1 லீற்றர் தண்ணீருக்கு 100 கிராம் உப்புக் கரைத்து, மீனை அதில் 40 நிமிடம் ஊறவையுங்கள். பாத்திரத்தைச் சுற்றி ஐஸ். பிறகு அலசித் துடையுங்கள்.

காயவைப்பதுதான் இங்கே சிக்கல். வன்னி மத்தியான வெயிலில் போட்டால் மேற்பக்கம் இறுகிவிடும், உள்ளே ஈரம் நிற்கும். சோளகம் எனும் தென்மேற்குக் காற்று வீசும் நாளில், வெயில் தணிந்த பின்னேரம், நிழலில் நுளம்பு வலைக்குள் தொங்கவிடுங்கள். சுமார் 3 மணித்தியாலத்தில் விரலில் ஒட்டாத பதம் வரும். மாரியில் வெளியே வைக்கவே வேண்டாம். பிரிட்ஜில் மூடாமல் ஓரிரவு விடுங்கள்.

எங்கள் கருவாடுபோல் சாக்கில் கட்டிவைக்க முடியாது, உப்புக் குறைவு. பிரிட்ஜில் 2 நாள் வைக்கலாம். சிரட்டைக்கரித் தணலில் சதைப்பக்கத்தை முதலில் வாட்டுங்கள்.