பிரீமியர் லீக் டார்ட்ஸ்: சீசன் முழுவதையும் நீங்களே கணக்கு வைத்துப் பார்ப்பது எப்படி?

501-லிருந்து கழித்துக்கொண்டே வந்து டபுளில் முடிக்க வேண்டும் என்ற அளவுக்கு டார்ட்ஸ் தெரிந்தால் போதும், இந்தப் பதிவைப் பின்பற்றலாம். தேவையானவை இரண்டு: லீக் சுற்றுக்கு ஒரு கூகுள் ஷீட், இறுதிப்போட்டிக்குக் கோடு போட்ட நோட்டு. இறுதிப்போட்டியை ஷீட்டில் எழுத முயல வேண்டாம். லெக்குகள் (501-லிருந்து ஒருவர் முடிக்கும் வரையிலான ஒவ்வொரு கணக்கும் ஒரு லெக்) ஓடும் வேகத்துக்குப் பேனாதான் சரி.

1. அமைப்பு

2022 முதல் இருக்கும் முறை இது. 8 வீரர்கள், 16 இரவுகள், வாரம் ஒரு நகரம். ஒவ்வொரு இரவும் ஒரு குட்டி நாக்அவுட்: 4 காலிறுதி, 2 அரையிறுதி, ஓர் இறுதி. எல்லாமே முதலில் 6 லெக் எடுப்பவருக்கு வெற்றி. அன்றைய சாம்பியனுக்கு 5 புள்ளி, இரண்டாமவருக்கு 3, அரையிறுதியில் தோற்ற இருவருக்கும் தலா 2. காலிறுதியில் தோற்றால் பூஜ்யம்.

இதை வெற்றிவாரியாகப் பிரித்துப் பாருங்கள். காலிறுதி வெற்றிக்கு 2, அரையிறுதி வெற்றிக்குக் கூடுதலாக 1, இறுதி வெற்றிக்கு மேலும் 2. அதாவது அரையிறுதியை விடக் காலிறுதிக்குத்தான் மதிப்பு அதிகம். இரவின் முதல் நான்கு ஆட்டங்களைத் தவறவிட்டால் லீக்கின் பாதியைத் தவறவிட்டதாகவே அர்த்தம்.

பிரிட்டன் நேரப்படி இரவு 7 மணிக்கு ஒளிபரப்பு தொடங்கினால் நமக்கு அது நள்ளிரவு 12:30. மார்ச் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துவார்கள். அதன் பிறகு நமக்கு 11:30. ஷீட்டில் பிரிட்டன் தேதியையே போடுங்கள். இல்லாவிட்டால் பாதி சீசன் வெள்ளியிலும் மீதி வியாழனிலும் பதிவாகும்.

2. பத்திகள்

வீரர் பெயர், புள்ளி, வென்ற இரவுகள், வென்ற ஆட்டங்கள், எடுத்த லெக், விட்ட லெக், லெக் வித்தியாசம், வரிசை எண். அவ்வளவுதான். சராசரி (மூன்று அம்புக்கு எடுக்கும் எண்ணிக்கை), 180 (மூன்று அம்பில் எடுக்கக்கூடிய உச்சம்) எண்ணிக்கையெல்லாம் வேண்டுமானால் தனித் தாளில் வையுங்கள். தரவரிசையை அவை தீர்மானிப்பதில்லை.

3. சமன் முறிப்பு: நிதானமாகச் செய்ய வேண்டிய இடம்

புள்ளி சமமானால் முதலில் வென்ற இரவுகள், அடுத்து வென்ற ஆட்டங்கள், அதற்குப் பிறகே லெக் வித்தியாசம். கால்பந்து பார்த்துப் பழகியவர்கள் நேரே வித்தியாசத்துக்குப் போய்விடுவார்கள், அட்டவணை தவறிவிடும்.

எல்லாவற்றையும் ஒரே எண்ணாக்கிவிடுவது சுலபம். புள்ளியை ஒரு கோடியாலும், வென்ற இரவுகளை ஒரு லட்சத்தாலும், வென்ற ஆட்டங்களை ஆயிரத்தாலும் பெருக்குங்கள். லெக் வித்தியாசத்தோடு 100 கூட்டுங்கள். நான்கையும் சேர்த்தால் வருவதுதான் வரிசை எண். அந்த 100 எதற்கு? ஒருவர் 16 இரவும் 0-6 என்று தோற்றாலும் வித்தியாசம் -96-க்குக் கீழே போகாது. 100 கூட்டினால் எப்போதும் நேர்ம எண்ணாகவே இருக்கும், மற்ற இலக்கங்களைக் கலைக்காது.

ஐந்து இரவு முடிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் இரண்டு இரவு சாம்பியன், மற்ற மூன்றிலும் காலிறுதித் தோல்வி: 10 புள்ளி, 2 இரவு, 6 ஆட்டம், வித்தியாசம் -3. இன்னொருவர் ஐந்து முறையும் அரையிறுதி வரை மட்டும்: 10 புள்ளி, 0 இரவு, 5 ஆட்டம், வித்தியாசம் +4. முன்னவருக்கு 10,02,06,097. பின்னவருக்கு 10,00,05,104. வித்தியாசம் குறைவாக இருந்தும் முன்னவரே மேலே.

4. சரிபார்ப்பு

இரவு முடிந்ததும் கூட்டிப் பாருங்கள். புள்ளிகளின் மொத்தம், இரவுகளின் எண்ணிக்கை × 12. ஆட்ட வெற்றிகள், இரவுகள் × 7. லெக் வித்தியாசங்களின் கூட்டல் எப்போதும் பூஜ்யம். பெரும்பாலும் பிசகுவது மூன்றாவதுதான். ஒரு ஆட்டத்தின் ஸ்கோரை வென்றவர் பக்கம் போட்டுவிட்டு, தோற்றவர் பக்கம் போட மறந்திருப்பீர்கள்.

5. 8-வது, 16-வது இரவுகள்

இவை இரண்டையும் தவிர மற்ற இரவுகளின் காலிறுதி ஜோடிகள் முன்பே முடிவானவை. 8, 16 இரண்டிலும் அப்போதைய அட்டவணைப்படி 1-8, 2-7, 3-6, 4-5 மோதும். ஆகவே 7-வது, 15-வது இரவுகளின் கணக்கு பிழையில்லாமல் இருக்க வேண்டும்.

6. பிளே-ஆஃப்

முதல் நான்கு பேர் லண்டன் ஓ2 அரங்குக்குப் போவார்கள். 1-4, 2-3 அரையிறுதிகளில் முதலில் 10 லெக், இறுதியில் 11. லீக் புள்ளி இங்கே ஒன்றுக்கும் உதவாது. 2025-ல் லூக் லிட்லர் 45 புள்ளியோடு முதலிடம் பிடித்தார். இறுதியில் லூக் ஹம்ப்ரீஸ் அவரை 11-8 என்று வென்றார். 2024-ல் இதே ஜோடியில் லிட்லர் 11-7 என்று ஜெயித்திருந்தார், அதுவும் ஒன்பதே அம்பில் 501-ஐ முடித்த ஒரு லெக்கோடு.

7. இறுதிப்போட்டித் தாள்

ஒரு வரிக்கு ஒரு லெக். நான்கு கட்டங்கள்: லெக் எண், முதலில் எறிந்தவர், வென்றவர், வென்றவரின் அம்புகள். இரண்டாவது கட்டத்தை ஆட்டம் தொடங்கியதுமே 21 வரிக்கும் மாற்றி மாற்றி நிரப்பிவிடுங்கள். முதலில் எறிபவருக்கு அந்த லெக்கில் சாதகம் அதிகம். அதனால் எதிராளி முதலில் எறிந்த லெக்கை வெல்வதுதான் பிரேக். அந்த வரியை வட்டமிடுங்கள். முழு ஆட்டமும் அந்த வட்டங்களில்தான் இருக்கிறது.

நடுவில் டிவி போட்டவர்களுக்கு: ஸ்கோர் எண்கள் இரண்டையும் கூட்டுங்கள். இரட்டைப்படை என்றால் அடுத்த லெக்கை, ஆட்டத்தைத் தொடங்கியவரே முதலில் எறிவார். ஒற்றைப்படை என்றால் மற்றவர்.

11-7 என்றால் 18 லெக், ஆளுக்கு 9 முறை முதல் எறிதல். தன்னுடைய ஒன்பதையும் எடுத்திருந்தால்கூட வென்றவர் குறைந்தது இரண்டு பிரேக் செய்திருக்க வேண்டும். 11-10-ல் 21-வது லெக்கையும் தொடங்கியவரே முதலில் எறிவதால், அவர் ஒரு பிரேக்கும் இல்லாமல் கோப்பையை எடுக்கலாம். மற்றவருக்கு ஒன்றாவது கட்டாயம் வேண்டும். 2022-ல் மைக்கேல் வான் ஹெர்வன் ஜோ கல்லனை வென்றது இதே 11-10-ல்தான்.

சராசரி போடும்போது முறைகளை (மூன்று அம்பு எறியும் வாய்ப்பு ஒரு முறை) எண்ணாதீர்கள், அம்புகளை எண்ணுங்கள். 14-வது அம்பில் முடிந்த லெக்கின் சராசரி 107.36. அதை ஐந்து முறை, 15 அம்பு என்று எடுத்தால் 100.2 ஆகிவிடும்.

பின்சேர்க்கை

பலர் மாட்டிக்கொண்ட இடம்: வரிசை எண் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினால் பெயர்கள் நகராமல் எண்கள் மட்டும் இடம் மாறும். பெயர் பத்தியிலிருந்து கடைசிப் பத்தி வரை எட்டு வரிகளையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்துங்கள்.

இன்னொன்று: பஸ்ட் ஆனால், உதாரணமாக மீதியைத் தாண்டி எடுத்துவிட்டால், அந்த முறை எடுத்த எண்ணிக்கை முழுக்கப் போய்விடும், ஆனால் அம்புகள் கணக்கில் வரும். 32 மீதியிருக்கும்போது முதல் அம்பு 16, இரண்டாவது 20 என்றால் மீதி மறுபடியும் 32. அந்த லெக்கின் கணக்கில் இரண்டு அம்பு அல்ல, மூன்று சேரும்.