எல்லையோரப் பிள்ளைகளின் கல்லூரிப் பட்டியல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலந்தாவளத்திலோ கொழிஞ்சாம்பாறையிலோ பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில், இரண்டு மாநிலக் கவுன்சலிங்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோலத்தான் தெரியும். கிழக்கே கோவை, மேற்கே பாலக்காடு. குமுளி, மூணாறு, செங்கோட்டை, களியக்காவிளை எல்லா இடத்திலும் இதே எண்ணம்தான். ஆனால் பஸ் போகிற ஊரிலெல்லாம் சீட் கிடைத்துவிடாது. பிள்ளையை எந்த மாநிலம் தன் கணக்கில் சேர்க்கிறது என்பது ஒவ்வொரு கவுன்சலிங்கிலும் ஒவ்வொரு விதமாக முடிவாகிறது. அதைப் பார்க்காமல் கல்லூரிப் பெயர்களை எழுத ஆரம்பிப்பதுதான் எல்லையோரத்தில் நடக்கும் முதல் தவறு. மற்ற தவறுகளைப் பாதி வழியில் திருத்திக்கொள்ளலாம், இதைத் திருத்த முடியாது.

வீடு எங்கே, பள்ளி எங்கே, பூர்வீகம் எங்கே

தேசியத் தொழில்நுட்பக் கழகங்களான என்ஐடிக்களில் பாதி இடங்கள் சொந்த மாநிலத்தவருக்கு, பாதி வெளிமாநிலத்தவருக்கு. இங்கே சொந்த மாநிலம் என்பது வீடு இருக்கும் மாநிலம் அல்ல, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி பெற்ற மாநிலம். ரேஷன் கார்டு எங்கே இருந்தாலும் அதற்கு இதில் வேலையில்லை. ஐஐடிக்களில் மாநில ஒதுக்கீடே கிடையாது. கஞ்சிக்கோட்டில் பாலக்காடு ஐஐடி இருப்பதால் பக்கத்து ஊர்ப் பிள்ளைக்குச் சலுகை எதுவும் இல்லை.

தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கணக்கு வேறு. எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவருக்கு இருப்பிடச் சான்றிதழ் தேவையில்லை. அந்த ஐந்தில் ஒரு வகுப்பை வெளிமாநிலத்தில் படித்திருந்தாலும், தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்டவர் என்ற இ-நேட்டிவிட்டி சான்றிதழ் வேண்டும். கேரளப் பொறியியல் நுழைவுத் தேர்வான கீம் வழிச் சேர்க்கையில் கேரளப் பூர்வீகமா என்பதுதான் முதல் கேள்வி. பூர்வீகம் இல்லாதவர்களை நான்-கேரளைட் என்று இரண்டு பிரிவாக வைத்திருக்கிறார்கள்.

ஒரு பிள்ளையை வைத்துப் பார்ப்போம். குடும்பம் தலைமுறையாகக் கொழிஞ்சாம்பாறை. பத்தாவது வரை உள்ளூர்ப் பள்ளி, பதினொன்றும் பன்னிரண்டும் பொள்ளாச்சியில். வீட்டில் நினைப்பது, “தமிழ்நாட்டில்தானே பிளஸ் டூ, அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிக்குப் போட்டுவிடலாம்.” எட்டு, ஒன்பது, பத்து மூன்றும் கேரளத்தில் ஆகிவிட்டதால் இ-நேட்டிவிட்டி கேட்பார்கள். கேரளப் பூர்வீகக் குடும்பத்துக்கு அது கிடைக்காது. அந்த வாசல் மூடிவிட்டது. அதே பிள்ளைக்கு என்ஐடி கணக்கில் சொந்த மாநிலம் தமிழ்நாடு. திருச்சி என்ஐடியில் உள்ளூர், வீட்டுக்கு அருகிலிருக்கும் கோழிக்கோடு என்ஐடியில் வெளியூர். கீமுக்கோ கேரளப் பூர்வீகச் சான்றோடு போகலாம். ஒரே பிள்ளைக்கு மூன்று இடத்தில் மூன்று முகவரி.

மூணாறு, பீர்மேடு தோட்டப் பகுதிக் குடும்பங்களுக்கு இது தலைகீழாக வரும். பூர்வீகம் கம்பமோ போடியோ என்று காட்ட முடிந்தால், முழுப் படிப்பும் கேரளத்தில் என்றாலும் இ-நேட்டிவிட்டியோடு தமிழ்நாட்டுக் கலந்தாய்வுக்கு வரலாம். ஆனால் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டை எதிர்பார்க்க வேண்டாம். ஆறாவது முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவருக்கே அது உரியது, கேரள அரசுத் தமிழ்வழிப் பள்ளி அதில் சேராது.

சாதிச் சான்றிதழும் எல்லை தாண்டாது. தமிழ்நாட்டின் பிசி, எம்பிசி பிரிவு கேரளத்தில் செல்லாது, அங்குள்ள பட்டியல் வேறு. எஸ்சி, எஸ்டி குடும்பங்களுக்கு 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை வந்தபோது குடும்பம் எந்த மாநிலத்தில் நிலையாக இருந்தது என்பதே கேள்வி. தோட்டத் தொழிலாளர் வீடுகளில் இந்தக் காகிதம் கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம். தேர்வு முடிவு வரட்டும் என்று காத்திருக்காமல், பிளஸ் ஒன் முடிந்த விடுமுறையிலேயே வில்லேஜ் ஆபீசில் மனு கொடுத்துவிட வேண்டும். தமிழ்நாட்டில் இதரப் பிற்பட்ட வகுப்பினர் ஐஐடி, என்ஐடி இடங்களுக்கான மத்தியக் கவுன்சலிங்குக்குத் தனியாக ஓபிசி-என்சிஎல் (கிரீமி லேயரில் வராதவர்) சான்றிதழ் வாங்க வேண்டும். சேரும் ஆண்டின் ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ வாங்கியதைத்தான் கேட்பார்கள். போன வருடச் சான்றிதழை நீட்டிவிட்டு ஓபிசி இடத்தை இழப்பது வருடா வருடம் நடக்கிறது.

ஆந்திர எல்லையிலும் இப்படி ஒன்று உண்டு. நகரி, புத்தூர்ப் பக்கத்துப் பிள்ளையைத் திருத்தணியில் சேர்த்தால், ஆந்திரப் பொறியியல் நுழைவுத் தேர்வான இஏபிசெட்டில் “லோக்கல்” தகுதியே போய்விடக்கூடும். 85 சதவீத இடங்கள் லோக்கலுக்கு. பன்னிரண்டாவதில் முடியும் தொடர்ச்சியான நான்கு ஆண்டுப் படிப்பைத்தான் அங்கே முதலில் பார்க்கிறார்கள்.

ரிசல்ட் வந்த பிறகு பட்டியல் போடுவது

தமிழ்நாட்டுக் கலந்தாய்வு விண்ணப்பம் மே மாதத்தில் வருவதால், எல்லாமே அப்போதுதான் தொடங்கும் என்ற நினைப்பு இருக்கிறது. என்ஐடிக்களுக்கான ஜேஇஇ மெயின் தேர்வின் முதல் கட்டம் ஜனவரியிலேயே நடக்கும், விண்ணப்பம் அதற்கும் முன்னால். கீம், மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்களான ஐசர்களின் நுழைவுத் தேர்வு, கொச்சிப் பல்கலைக்கழகமான குசாட்டின் தேர்வு, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் எல்லாமே பிளஸ் டூ ரிசல்டுக்கு முன்பே விண்ணப்பத்தை மூடிவிடும். மே மாதம் உட்கார்ந்து பட்டியல் எழுதினால் பாதிக் கதவுகள் அடைத்திருக்கும்.

தேர்வு மொழியையும் இப்போதே பாருங்கள். ஜேஇஇ மெயினைத் தமிழில் எழுதலாம், ஆனால் தமிழ் வினாத்தாள் தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் மையங்களில்தான். பாலக்காட்டு மையத்தைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் கிடைக்காது, கோவை மையம் போட வேண்டும். ஐஐடிக்கான ஜேஇஇ அட்வான்ஸ்டு ஆங்கிலம், இந்தி மட்டும். கீம் பொறியியல் தேர்வில் 150 கேள்விகள்: கணிதம் 75, இயற்பியல் 45, வேதியியல் 30. பாதி கணிதம் என்பதால், கணிதத்தில் தடுமாறும் பிள்ளை கீமை மட்டும் நம்பிப் பட்டியல் போடக்கூடாது.

வரிசையைக் குழப்புவது

எல்லாத் தகுதியும் இருந்தும் சீட் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். “எனக்குக் கிடைக்கிற கல்லூரியை மேலே போடுகிறேன், கனவுக் கல்லூரியைக் கீழே போடுகிறேன், அப்போதுதான் பத்திரம்” என்று பலர் நினைக்கிறார்கள். கணினி செய்வது இதுதான்: உங்கள் ரேங்க் வரும்போது பட்டியலை மேலிருந்து கீழே படிக்கும், இடம் இருக்கும் முதல் வரியைக் கொடுக்கும், அத்தோடு நிறுத்திவிடும். கிடைக்காத கல்லூரியை மேலே எழுதியதால் கீழே உள்ளது பறிபோகாது. கிடைக்கிற கல்லூரியை மேலே எழுதினால், அதற்குக் கீழே இருப்பவை வெறும் அலங்காரம். கோவை அரசு பொறியியல் கல்லூரியான ஜிசிடியில் இசிஇ (எலக்ட்ரானிக்ஸ்) பிடிக்கும், பக்கத்துத் தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பரவாயில்லை என்றால், ஜிசிடிதான் முதல் வரி. கட்-ஆஃப் பட்டியலைப் பார்க்காமல், விருப்பத்தை மட்டும் பார்த்து வரிசை போடுங்கள். கட்-ஆஃப் பார்ப்பது பட்டியல் எவ்வளவு கீழே நீள வேண்டும் என்று முடிவு செய்ய மட்டும்.

அந்த நீளத்துக்கு ஒரு கணக்கு. தமிழ்நாட்டில் மாணவரின் கட்-ஆஃப் மதிப்பெண் 200-க்கு: கணிதம் முழுசாக, இயற்பியலும் வேதியியலும் பாதி பாதி. கணிதம் 92, இயற்பியல் 88, வேதியியல் 84 என்றால் 92 + 44 + 42 = 178. ஆனால் போன வருட 178-ஐ இந்த வருட 178-ஓடு ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். வினாத்தாள் எளிதாக இருந்த வருடத்தில் அதே மதிப்பெண்ணுக்கு ரேங்க் பின்னால் போய்விடும். ரேங்க் பட்டியல் வந்த பிறகு, போன வருடம் உங்கள் வகுப்புப் பிரிவில் ஒவ்வொரு கல்லூரியும் எந்த ரேங்கோடு முடிந்தது என்று பாருங்கள். உங்கள் ரேங்க் 40,000 என்று வைத்துக்கொள்வோம். 25,000 முதல் 38,000-க்குள் முடிந்தவை எட்டிப் பிடிப்பவை, 50,000 வரை முடிந்தவை நடுத்தரம், 75,000 வரை முடிந்தவை பத்திரம். சாய்ஸ் எண்ணிக்கைக்கு வரம்பில்லை. 15, 25, 20 என்று அறுபது எழுதினால் நிம்மதியாகத் தூங்கலாம். பத்திரப் பகுதியில் எழுதும் கல்லூரி பிள்ளை உண்மையில் போகத் தயாராக இருக்கும் கல்லூரியாக இருக்க வேண்டும்.

மத்தியக் கவுன்சலிங்கில் ரேங்க் பார்க்கும்போது எந்த வரியைப் படிக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். என்ஐடிக்குச் சொந்த மாநிலம், வெளிமாநிலம் என்று இரண்டு வரி, அதில் பெண்களுக்கு மட்டும் என்று தனி வரி. பையனுக்குப் பார்க்கும்போது பெண்கள் வரியைப் படித்துவிட்டு “கிடைத்துவிடும்” என்று உட்கார்ந்திருப்பார்கள். ஸ்ரீசிட்டி, கோட்டயம் டிரிபிள் ஐடிக்களில் (ஐஐஐடி) சொந்த மாநில வரியே இல்லை.

கல்லூரிப் பெயரைப் பார்த்து எழுதாமல், கவுன்சலிங் கோடைப் பார்த்து எழுதுங்கள். ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் நிறைய.

மேலே வைத்தது வேண்டாததாக இருந்தால்

தமிழ்நாட்டில் தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் “ஏற்றுக்கொண்டு மேல்நோக்கி” என்று கொடுத்தால், கலந்தாய்வு உதவி மையமான டிஎஃப்சியில் பணம் கட்ட வேண்டும். மேலே உள்ள ஒன்று கிடைத்தால் கையில் இருந்தது தானாகப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. ஆகவே மேலே உள்ள ஒவ்வொரு வரியும் கீழே உள்ளதைவிட நிஜமாகவே பிடித்ததாக இருக்க வேண்டும். கீமிலும் அலாட்மென்ட் வந்தால் அதற்குக் கீழே உள்ள ஆப்ஷன்கள் ரத்தாகிவிடும். அடுத்த கட்டத்துக்கு ஆன்லைனில் உறுதிசெய்ய மறந்தால் மேலே உள்ளவையும் போய்விடும்.

அறிவியலை மிச்சமாக வைப்பது

பொறியியல் கிடைக்காவிட்டால் பிஎஸ்சி என்று எழுதுவதால், நல்ல அறிவியல் இடங்களுக்கு விண்ணப்பமே போடுவதில்லை. திருவனந்தபுரத்திலும் திருப்பதியிலும் ஐசர் இருக்கிறது, எல்லையின் இரு முனைக்கும் ஒன்றாக. தேர்வில் 60 கேள்விகள், நான்கு பாடத்துக்கும் 15 வீதம், மொத்தம் 240 மதிப்பெண். உயிரியல் படிக்காத கணினிப் பிரிவுப் பிள்ளைகள் அந்த 15-ஐப் பார்த்துப் பயந்து ஒதுங்குகிறார்கள். மீதி 45 கேள்வியில் ஆழமாக எழுதலாம், தவறுக்கு மதிப்பெண் குறையும் என்பதால் தெரியாததைத் தொடாமல் விடுவதே நல்லது. வலியமலையில் இருக்கும் விண்வெளித் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமான ஐஐஎஸ்டிக்கு ஜேஇஇ அட்வான்ஸ்டு வேண்டும் என்பதால் அதை ஐஐடி வரிசையோடு சேர்த்து யோசியுங்கள். கேரளத்தில் 2024 முதல் பட்டப்படிப்பு நான்கு ஆண்டு முறைக்கு மாறியிருப்பதால், பாலக்காடு விக்டோரியா கல்லூரியையும் கோவைக் கல்லூரியையும் ஒப்பிடும்போது ஆண்டுக் கணக்கையும் பாருங்கள்.

போன் நம்பரும் டிசியும்

ஓடிபி வரும் எண்ணாகக் கேரளத்து அக்ஷயா மையத்துக்காரரின் எண்ணையோ தமிழ்நாட்டு இ-சேவை மைய எண்ணையோ கொடுக்கவே கூடாது. பட்டியலைப் பூட்டும் இரவில் அந்தக் கடை மூடியிருக்கும். அம்மாவோ அப்பாவோ நான்கு மாதம் மாற்றாமல் வைத்திருக்கப்போகும் எண்ணைக் கொடுங்கள்.

ஒரு மாநிலத்தில் சேர்ந்துவிட்டு மற்ற மாநில அலாட்மென்டுக்குக் காத்திருப்பவர்கள், டிசியைக் கொடுக்கும் முன் எல்லா ஒரிஜினலையும் ஸ்கேன் செய்து, ஐந்து செட் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சரிபார்த்த பிறகு ஒரிஜினலைக் கல்லூரி பிடித்து வைக்கக்கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதி. விலகுவதாக இருந்தால் கையால் எழுதிய கடிதத்தோடு மின்னஞ்சலும் அனுப்புங்கள், பணம் திரும்பக் கேட்கும்போது தேதிதான் பேசும்.