ஆக்டேவியாவில் இசியூ மாற்றினேன், இம்மொபிலைசர் விடவில்லை: சரிசெய்த விதம்

போன மழைக்காலத்தில் என் 2002 ஸ்கோடா ஆக்டேவியா டீசல் கார் படுத்துவிட்டது. வைப்பருக்கு அடியில் தண்ணீர் வடியும் துளையை வேப்பிலை அடைத்து, தேங்கிய தண்ணீர் அங்கேயே இருக்கும் இசியூவுக்குள் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி) இறங்கியிருந்தது. மூடியைக் கழற்றினால் கனெக்டர் முழுக்கப் பச்சைக் களிம்பு. புதுப்பேட்டையில் அதே பாக எண்ணில், கடைசி எழுத்து வரை பொருந்தும் இசியூ ஒன்று கிடைத்தது. மாட்டி சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட் ஆனது, ஒரே நொடியில் அணைந்தது. மீட்டரில் இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்க எஞ்சினை ஓடவிடாமல் நிறுத்தும் அமைப்பு) விளக்கு மினுக்கியது.

இந்த வண்டியில் இம்மொபிலைசர் இருப்பது மீட்டருக்குள். சாவிக்குள் இருக்கும் சிப்பை இக்னிஷன் பூட்டைச் சுற்றியுள்ள வளையம் படிக்கும். சாவி சரியாக இருந்தாலும் போதாது. மீட்டரும் இசியூவும் ஒரே வண்டியைச் சேர்ந்தவை என்று உறுதியானால்தான் எஞ்சின் தொடர்ந்து ஓடும்.

1. ஸ்கேன் செய்யுங்கள். எஞ்சின் பகுதியில் 17978 என்ற பிழை எண் வந்தால் தடுப்பது இம்மொபிலைசர்தான். நான் விசிடிஎஸ் (கேபிள் வழியாக மடிக்கணினியில் வண்டியைச் சோதிக்கும் மென்பொருள்) வைத்திருக்கிறேன். மலிவான நகல் கேபிளை இந்த வேலைக்கு நம்பவே வேண்டாம்.

2. நான்கு இலக்க ரகசிய எண் இரண்டு வேண்டும்: உங்கள் வண்டியுடையது ஒன்று, இசியூ கழற்றப்பட்ட வண்டியுடையது ஒன்று. உங்களுடையது சாவியோடு தந்த அட்டையில் சுரண்டும் பட்டைக்கு அடியில் இருக்கலாம். இல்லாவிட்டால் ஆர்சி புத்தகத்தோடு டீலரிடம் போங்கள். மற்றதை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். எண் கைக்கு வராமல் இசியூவுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

3. பேட்டரியில் சார்ஜரை மாட்டி, இக்னிஷனை ஆன் செய்யுங்கள்.

4. நான் ஒரு நாள் முழுக்கத் தடுமாறிய இடம் இது. விசிடிஎஸ்ஸின் எஞ்சின் பகுதியில் லாகின் கேட்கும்போது என் வண்டியின் எண்ணைப் போட்டேன். மறுத்தது. மறுபடியும் போட்டேன், பூட்டிக்கொண்டது. இசியூ இன்னும் பழைய வண்டியைத்தான் தன்னுடையது என்று நினைக்கிறது. அதனால் முதலில் அந்த வண்டியின் எண்ணை, முன்னால் 0 சேர்த்து லாகினில் போட வேண்டும். பிறகு அடாப்டேஷன், சேனல் 50, அங்கே உங்கள் எண், முன்னால் 0 சேர்த்து. டெஸ்ட், சேவ். இக்னிஷனை அணைத்துப் போடுங்கள்.

தவறான எண்ணால் பூட்டிக்கொண்டால் இக்னிஷன் ஆனிலேயே காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் நேரம் கூடும். சார்ஜர் அதற்குத்தான்.

"இம்மோவையே எடுத்துவிடலாம்" என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள், திருட்டுக்கு இருந்த தடையே போய்விடும். பழைய இசியூவின் நினைவகச் சிப்பைப் படிக்க முடிந்தால், அதிலுள்ளதைப் புதியதில் ஏற்றுவது இன்னும் நல்ல வழி. எனக்கு அந்தச் சிப்பும் அரித்துப் போயிருந்தது.

பின்சேர்க்கை: ஒருவருக்கு எல்லாம் சரியாகச் செய்தும் எஞ்சின் நிற்கவே செய்தது. சாவிக்குப் புதுக் கூடு போட்டபோது, அரிசி மணியை விடச் சற்றுப் பெரிய அந்தச் சிப் பழைய கூட்டிலேயே தங்கிவிட்டிருந்தது. அதற்குப் பேட்டரி கிடையாது, ரிமோட் பலகையில் இருக்காது. பிளேடு பக்கப் பாதியில் தேடுங்கள்.

இன்னொருவர் ஸ்கோடா லாரா காருக்குக் கேட்டார். அதில் இருப்பது அடுத்த தலைமுறை இம்மொபிலைசர். ரகசிய எண்ணும் சேனல் 50-உம் அங்கே செல்லாது, டீலர் ஆன்லைனில் இணைத்துத்தான் பதிய வேண்டும்.