வெங்காயம் மலிந்தால் செய்யக்கூடாதவை

தெருவில் வண்டி வந்து "அஞ்சு கிலோ நூறு ரூபாய்" என்று ஒலிபெருக்கியில் கூவ ஆரம்பித்தால், அடுத்த இரண்டு நாளில் எனக்குத் தொலைபேசி வரும். ஆசைப்பட்டுப் பத்து கிலோ வாங்கிவிட்டோம், இப்போது என்ன செய்வது என்று கேட்பார்கள். சொல்லித் தருவேன். ஒரு மாதம் கழித்து அதே ஆள் கூப்பிட்டு, "ஒரு மாதிரி வாடை வருதே" என்பார். இடறுவது பெரும்பாலும் அதே கல்லில்தான். எங்கள் மொட்டைமாடி அந்தத் தப்புகளையெல்லாம் வெகுகாலம் முன்பே பார்த்துவிட்டது.

உருளைக்கிழங்கோடு சேர்த்துக் கொட்டி வைக்காதே, பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: வெங்காயத்தில் பத்தில் எட்டுப் பங்குக்குக் குறையாமல் தண்ணீர். நாம் வடகம் போட்டாலும், தொக்கு கிண்டினாலும், பொரித்து வைத்தாலும் சண்டை அந்தத் தண்ணீரோடுதான்.

பிரிக்காமல் வேலையைத் தொடங்குவது

வாங்கி வந்ததும் கீழே கொட்டி மூன்றாகப் பிரியுங்கள். கழுத்து ஈரமாக இருப்பது, அடிபட்டது, கத்தி பட்டது எல்லாம் ஒரு பக்கம். அவை அன்றைக்கே தொக்குக்கோ குழம்புக்கோ போக வேண்டும். தோல் சலசலவென்று காய்ந்து, அழுத்தினால் கல் மாதிரி இருப்பவை இன்னொரு பக்கம். அவற்றை அவசரப்பட்டு உரிக்கவே வேண்டாம். பெரம்பலூர்ப் பக்கம் தரையிலிருந்து தூக்கிக் கட்டிய பட்டறையில் சின்ன வெங்காயத்தை மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள். அதே வேலையை வீட்டில் ஒரு மூங்கில் கூடையும் காற்றோட்டமான மூலையும் செய்துவிடும். மீதி வடகத்துக்கு.

பலர் நேர்மாறாகச் செய்கிறார்கள். நல்லதையெல்லாம் முதல் நாளே உரித்துத் தீர்த்துவிட்டு, ஈரக் கழுத்து வெங்காயத்தைக் கூடையில் மிச்சம் வைக்கிறார்கள். அது பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து அழுக வைக்கும்.

பல்லாரியில் வடகம் போடுவது

பெரிய வெங்காயத்தில் தண்ணீர் அதிகம், மணம் குறைவு. வேண்டாம்.

மிக்ஸியில் மாவாக அரைப்பது

வடகத்துக்கு வெங்காயம் நசுங்க வேண்டும், கூழாகக் கூடாது. உரலில் இடித்தால் இதழ் இதழாகப் பிரிந்து நிற்கும். காற்று உள்ளே போக வழி இருக்கும். கூழை உருட்டினால் வழியே இல்லை. உரல் இல்லாதவர்கள் பொடியாக நறுக்கலாம். மிக்ஸிதான் வேண்டும் என்றால் இரண்டு சுற்று, விட்டு விட்டு, அவ்வளவுதான். உரிக்கச் சோம்பல்பட்டு தண்ணீரில் ஊறப்போட்டால், துடைத்து ஆறவிட்ட பிறகே இடியுங்கள்.

மேலே காய்ந்ததைப் பார்த்து டப்பாவில் போடுவது

இதைத்தான் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. எத்தனை முறை சொன்னாலும், "தட்டினா கலகலன்னு சத்தம் வருது அத்தை, காஞ்சிடுச்சு" என்பார்கள். சத்தம் போடுவது வடக உருண்டையின் மேல்தோல். உள்ளே என்ன இருக்கிறது என்று உடைத்துப் பார்த்தீர்களா என்றால் பதில் இருக்காது.

எங்கள் வீட்டு முறை இது. ஒரு கிலோ சின்ன வெங்காயத்துக்கு நூறு கிராம் உளுந்து, நூறு கிராம் பூண்டு, கடுகும் சீரகமும் ஐம்பது ஐம்பது கிராம், வெந்தயம் இருபத்தைந்துக்கு மேல் போகாமல். கறிவேப்பிலை, மஞ்சள்தூள், கல்லுப்பு. எல்லாவற்றையும் பிசைந்து மண்சட்டியில் மூடி வைத்தால் மறுநாள் காலையில் சாறு நிற்கும். உப்பு இழுத்து வெளியே கொண்டுவந்த தண்ணீர் அது. கலவையைப் பிழிந்து, எலுமிச்சம்பழ அளவுக்கு மேல் போகாமல் உருட்டி வெயிலில் வைக்க வேண்டும். சாற்றையும் சட்டியோடு வெயிலில் வைக்க வேண்டும். சிலர் அதைச் சாக்கடையில் கொட்டிவிடுகிறார்கள். மணம் முழுக்க அதில்தான் இருக்கிறது!

சாயங்காலம் உருண்டைகளை உடைத்து, அதே சாற்றில் போட்டுப் பிசைந்து மூடி வைக்க வேண்டும். மறுநாள் திரும்பவும் பிழிந்து உருட்ட வேண்டும். நல்ல வெயில் இருந்தால் மூன்று நான்கு நாளில் சாறு முழுக்க உள்ளே இழுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் கையில் விளக்கெண்ணெய் தடவிக் கடைசி உருண்டை. அந்த உருண்டையும் ஒரு வாரம் பத்து நாள் காய வேண்டும்.

இந்த உடைப்பதும் உருட்டுவதும் ஏதோ பாட்டி காலத்துச் சடங்கு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். உடைக்காமல் விட்டால் வெயில் மேல்பக்கத்தைச் சீக்கிரம் கெட்டியாக்கிவிடும். அந்த ஓடு இறுகிய பிறகு நடுவில் இருக்கும் ஈரம் வெளியே வர முடியாது. உருண்டை பெரிதாக இருந்தால் இன்னும் மோசம்.

எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு பெண், பங்குனியில் பத்து கிலோ போட்டாள். தினமும் உடைப்பது பெரிய வேலை என்று முதல் நாளே ஆரஞ்சுப் பழ அளவுக்கு உருட்டிவிட்டாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு வாரத்தில் பிளாஸ்டிக் டப்பாக்களில் அடைத்து, சென்னையில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கும் கொடுத்தனுப்பினாள். ஆடி மாதம் டப்பாவைத் திறந்தால் உருண்டை மேல் வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கிறது. உப்புப் பூத்திருக்கிறது என்று துடைத்துவிட்டு மீன்குழம்பில் தாளித்திருக்கிறாள். குழம்பை யாரும் வாயில் வைக்கவில்லை. அப்புறம்தான் என்னிடம் கொண்டுவந்தாள். உடைத்தால் நடுப்பகுதி கறுத்து, பிசுபிசுவென்று இருந்தது.

உப்புப் பூத்தால் நறநறவென்று இருக்கும். ஈரவிரலால் தொட்டால் கரைந்துவிடும். பூஞ்சை பஞ்சு மாதிரி இருக்கும், மக்கல் வாடை அடிக்கும். பூஞ்சை பிடித்ததை மறுபடி வெயிலில் வைத்துத் தேற்ற நினைக்காதீர்கள். சில பூஞ்சைகள் விடும் நஞ்சு வறுத்தாலும் எளிதில் போகாது. மொத்தமாகக் கொட்ட வேண்டியதுதான். போனது வெங்காயம் மட்டுமா? கடுகு, சீரகம், பூண்டு, ஒரு வார வெயில், இடித்த கை. அவள் கணக்குப் போட்டுச் சொன்ன தொகையைக் கேட்டு அவள் மாமியார் பேசியதை இங்கே எழுத முடியாது.

சரி, காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? தட்டின் நடுவிலிருந்து இருப்பதிலேயே பெரிய உருண்டையை எடுத்து உடையுங்கள். ஓரத்தில் இருப்பது எப்போதும் முதலில் காயும், அதை நம்பக் கூடாது. நடுப்பகுதியைக் கிள்ளினால் உதிர வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. சந்தேகம் இருந்தால், நான்கு உருண்டைகளை ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் போட்டு இறுக மூடி ஒரு மணி நேரம் வெயிலில் வையுங்கள். பாட்டிலின் உட்புறம் வியர்த்தால் இன்னும் காயவில்லை. வெயிலிலிருந்து எடுத்த சூட்டோடு அடைக்கவும் கூடாது. ஆறிய பிறகுதான் டப்பா.

ஐப்பசியில் ஆரம்பிப்பது

மழைக்கு யாரும் ஜவாப் சொல்ல மாட்டார்கள். ஐப்பசி கார்த்திகையில் மலிந்தால் தொக்கு கிண்டுங்கள். வடகத்துக்கு மாசி, பங்குனி, சித்திரை.

தொக்கில் புளியைக் குறைப்பது

"எங்க வீட்ல புளிப்பு ஆகாது" என்று புளியைப் பாதியாக்கிவிட்டு, தொக்கு மூன்று மாதம் இருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். தொக்கைக் கெடாமல் காப்பது புளியும், உப்பும், தண்ணீர் வற்றக் கிண்டிய பொறுமையும்தான். மேலே நிற்கும் எண்ணெய் காற்றைத் தடுக்கும், கிருமியைக் கொல்லாது. ஒரு கிலோ வெங்காயத்துக்குக் குறைந்தது இரண்டு எலுமிச்சை அளவு புளி வேண்டும். அதையும் சொம்பு நிறையத் தண்ணீர் ஊற்றிக் கரைக்காமல், கொஞ்சம் வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாக அரைத்துச் சேர்க்க வேண்டும். எண்ணெய் பிரிந்த உடனே இறக்காதீர்கள். கரண்டியில் எடுத்தால் கனமாக விழும்வரை கிண்டுங்கள். புளி குறைத்த தொக்கு ஃப்ரிட்ஜில் ஒரு வாரம். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

பச்சை வெங்காயத்தை எண்ணெயில் போட்டு வெளியே வைப்பது

கூடவே கூடாது. போட்டுலிசம் என்னும் கொடிய நச்சு நோயை உண்டாக்கும் கிருமி, காற்றும் புளிப்பும் இல்லாத இடத்தில்தான் வளரும். நிறத்திலோ மணத்திலோ தெரியாமல் போகலாம்.

பொன்னிறம் வந்த பிறகு எடுப்பது

பிரியாணிக்குப் பொரித்து வைக்கப் பல்லாரிதான் சரி. எண்ணெயை விட்டு எடுத்த பிறகும் அந்தச் சூட்டில் அது சிவந்துகொண்டே போகும். உங்களுக்கு வேண்டிய நிறத்துக்கு ஒரு படி முன்னாலேயே அரித்து எடுங்கள், இல்லாவிட்டால் கசப்புதான். மெல்லிசும் தடிப்புமாக நறுக்கினால் பாதி கருகும், பாதி வதங்கும். தட்டில் பரப்பி நன்றாக ஆறவிட்டு அடைத்தால் மொறுமொறுப்பு நிற்கும். சூட்டோடு மூடினால் மூடியில் தண்ணீர் கோத்து எல்லாம் நமத்துவிடும்.

முளைவிட்டதைக் குப்பையில் போடுவது

அழுகாமல் முளைத்திருந்தால் தொட்டியில் ஊன்றுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் தாள் வெட்டிப் பொரியல் செய்யலாம், முட்டையோடு வதக்கினால் இன்னும் நன்றாக இருக்கும்.